பணிமனையில் வலை ஆட்டம்

தன்னுடைய முன்னாள் மனைவிக்குக் கல்யாணம் என்ற செய்தி மாஸ்டருக்குக் கண்ணாடிக் கடையில் வைத்துத்தான் கிடைத்தது. சொன்னது மகள். ஒரு வாடிக்கையாளரின் மூக்கின்மேல் ஃபிரேமை உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் கம்பியைப் பதமாக வளைத்துக்கொண்டிருந்தார். செய்தி காதில் விழுந்ததும் கம்பி கொஞ்சம் அதிகமாகவே வளைந்துவிட்டது. வாடிக்கையாளர் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"மெஷின்காரர்தான்ப்பா."

மாஸ்டர் என்றால் கண்ணாடிக் கடைக்கு மாஸ்டர் இல்லை. கடையில் அவர் லென்ஸ் தேய்ப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஆட்ட மாஸ்டர். சமூகக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நாற்பது பேருக்குப் பழைய கிராமிய ஆட்டங்களைச் சொல்லிக்கொடுப்பார். ஒரு மேளக்காரர், ஒரு வயலின்காரர், நடுவில் முக்காலிமேல் இவர். "உள்ளே, வெளியே, கை மாத்து, சுத்து" என்று இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கூவுவார். யாராவது காலைத் தப்பாக வைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். ஆட்டத்தை நிறுத்தி, அந்தக் காலைக் காட்டி, எல்லோர் முன்னாலும் திருத்திவிட்டுத்தான் மறு வேலை.

வீட்டிலும் அதே கதைதான். டம்ளரை எந்தப் பக்கம் கவிழ்க்க வேண்டும், செருப்பை எந்தத் திசை பார்த்து விட வேண்டும், துண்டை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சரி, ஒரு தப்பு இருந்தது. பேருந்து ஓட்டும் அவர் மனைவி பதினேழு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டம்ளரைக் கவிழ்க்காமலேயே வேலைக்குப் போனவள், சாயங்காலம் அக்கா வீட்டில் போய் இறங்கிவிட்டாள். விவாகரத்து ஆன அன்று வரைக்கும் அவரை "நீங்க" என்றவள், மறுநாளிலிருந்து "நீ" என்றாள். மரியாதை குறைந்துவிட்டதா, நெருக்கம் கூடிவிட்டதா என்று மாஸ்டருக்கு நாலு வருஷமாகப் புரியவில்லை.

ஆனால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதை மட்டும் அவள் விடவில்லை. "உன்னத்தான் விவாகரத்து பண்ணேன். ஆட்டத்த இல்லியே" என்று சொல்லிவிட்டு வட்டத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அங்கேதான் வினை. போன வருஷம், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் ஓர் ஆள் ஆட்டம் கற்றுக்கொள்ள வந்தார். மெஷின்காரருக்கு ஐம்பத்துமூன்று வயது, நல்ல மனசு, யானை மிதி. இடது எது, வலது எது என்ற விவரம் மட்டும் அவர் பிறந்தபோதே விட்டுப்போயிருந்தது. மூன்று வாரத்தில் மூன்று பேர் காலை மிதித்தார். மூன்றாவதாக மிதிபட்ட நர்ஸ், "அடுத்த வாரமும் இவர்கூடத்தான்னா நான் பூட்ஸ் போட்டுட்டு வர்றேன்" என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் யோசித்தார். தன் கண்ணில் உறுத்திக்கொண்டிருக்கும் இரண்டு பேரையும் ஒரே மூலையில் தள்ளிவிட்டால் நிம்மதியாகப் போகும் என்று தோன்றியது. மெஷின்காரரை முன்னாள் மனைவிக்கு ஜோடியாகப் போட்டார்.

மிதித்தார், அவள் சிரித்தாள். மறுபடி மிதித்தார், அவரே சிரித்தார். ஒரு வருஷம் அந்த மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது இந்தச் செய்தி. கல்யாணத் தரகர் வேலையைத் தானே, அதுவும் இலவசமாக, பார்த்துக் கொடுத்திருக்கிறோம் என்பது மாஸ்டருக்கு அன்றுதான் உறைத்தது.

"எனக்கெதுக்கு இத வந்து சொல்றே?" என்றார் மகளிடம்.

மகளுக்கு இருபது வயது. கல்யாணத்தின் மொத்த ஏற்பாடும் அவள் கையில்தான். அம்மாவுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று தலைகால் தெரியாமல் திரிந்துகொண்டிருந்தாள்.

"டிப்போலதான்ப்பா கல்யாணம். ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் மூணாம் நம்பர் ஷெட் காலியா இருக்கும், மேனேஜர் சரின்னுட்டாரு. அழைப்பிதழ் எல்லாம் பஸ் டிக்கெட் மாதிரி அடிச்சிருக்கேன். அம்மாவே பஸ் ஓட்டி எல்லாரையும் கூட்டிட்டு வருவாங்க. பதிவாளர் அங்கேயே வர்றாங்க. மொதல்ல ரெண்டு பேரும் மனசுல இருக்கறத மைக்ல சொல்லணும். அப்புறம் எல்லாரும் சேந்து ஆட்டம். கடைசியாத்தான் கையெழுத்து."

"சந்தோஷம்."

"அறுபது பேருப்பா. கூவறதுக்கு ஆள் வேணும்."

மாஸ்டர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்கம்மா கல்யாணத்துல நான் நின்னு கூவணுமா? ஊர் சிரிக்காது?"

"மொதல் கல்யாணத்துலயும் நீங்கதான கூவினீங்க? மாப்பிள்ளையே நடுவுல நின்னு எல்லாருக்கும் காலெடுத்துக் குடுத்தீங்களாமே. பொண்ணுக்கு ஜோடி இல்லாம சமையல்காரர்கூட ஆடினாங்களாம், அம்மா சொன்னாங்க."

அது உண்மைதான். மாஸ்டர் லென்ஸைத் துடைத்து வைத்தார். "என்ன ஆட்டம்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

மகள் சரி என்றாள். மாஸ்டர் வலை ஆட்டத்தைச் சொன்னார்.

வலை ஆட்டம் லேசுப்பட்டது இல்லை. உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். எட்டாவது தாளத்தில் வெளிவட்டத்துக்காரர்கள் கோத்த கைகளைத் தூக்கி, உள்ளே இருப்பவர்களின் தலைக்கு மேலாக இறக்கி, இடுப்புக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். அறுபது பேரும் பின்னிக்கொண்டு ஒரே வலையாகச் சுழல்வார்கள். பிறகு அதே வரிசையில் அவிழ வேண்டும். அதில் ஒரே ஓர் ஆள் கால் மாறிப்போட்டால் போதும், மொத்தக் கூட்டமும் சிக்கு விழுந்த நூல்கண்டாகிவிடும். அந்த ஓர் ஆள் யாராக இருப்பார் என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. கெட்ட எண்ணம் என்று தெரியும். தெரிந்தேதான் நினைத்தார். அன்று மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் ருசியாகக்கூட இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கடை சாத்தும் நேரத்துக்கு மெஷின்காரர் வந்து நின்றார். கையில் ஸ்பேனர் பை, சட்டைப் பையில் ஒரு நோட்டு.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இந்த வலை ஆட்டம் மொத்தம் எத்தன கட்டம்?"

"நாலு," என்றார் மாஸ்டர், ஷட்டர் கம்பியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு.

"நாலா?" மெஷின்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "நாலுன்னா நம்ம மெஷின் மாதிரிதான? ஊறவை, சுத்து, அலசு, பிழி."

"அப்படி இல்ல. மொத கட்டத்துல இடது கால்..."

"இடது வலதெல்லாம் எனக்கு ஓடாது மாஸ்டர். கட்டம்னாத்தான் புரியும். ஊறவைக்கறப்ப நின்ன எடத்துல அசைவு, சரியா? சுத்தறப்ப இப்படி. அலசறப்ப திரும்பி அப்படி. பிழியறப்ப எல்லாரும் ஒண்ணா இறுக்கி ஒரே சுழட்டு." சொல்லிக்கொண்டே கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே ஆடிக் காட்டினார். ஒரு ஃபிரேம் ஸ்டாண்டு சரிந்து விழுந்தது. ஆனால் கால் எல்லாம் சரி. ஒரு தப்பு இல்லை. மாஸ்டர் கீழே விழுந்த ஃபிரேம்களைப் பொறுக்கி எடுத்தார்.

"எப்படி மாஸ்டர்?"

"கை இன்னும் கொஞ்சம் மேல போகணும்," என்றார். அதைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

மறுநாள் கூடத்தில் அறுபது பேருக்கும் வலை ஆட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாம் நம்பர் ஷெட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். என்ன கழுவினாலும் டீசல் வாசனை போவேனா என்றது. தரையில் பேருந்து நிறுத்தும் மஞ்சள் கோடுகள். டயர்களை அடுக்கி அதன்மேல் பலகை போட்டுப் பதிவாளருக்கு மேசை. பதிவாளர் அம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் ஆடினா ஆட்டம் வராதா? எனக்கு ஒரு மணிக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மகள் மூன்று முறையும் சிரித்தாள், அவ்வளவுதான்.

மாஸ்டர் தன் சைக்கிளில் தனியாக வந்திருந்தார். பேருந்தில் வந்தால் முன்னாள் மனைவி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

பதினொரு மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு பேருந்து உள்ளே நுழைந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து மணப்பெண் குதித்து இறங்கினாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேருந்து இருக்கைகளுக்குப் போடும் துணி இருக்கிறதே, ஊதா நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளி வைத்து, எந்த அழுக்கும் தெரியாதபடி யாரோ வயிற்றெரிச்சலில் கண்டுபிடித்த துணி, அதிலேயே மகள் இரண்டு பேருக்கும் மேல்கோட்டு தைத்துக் கொடுத்திருந்தாள். மணமக்கள் கைகோத்து நடந்து வந்தது, இரண்டு பேர் உட்காரும் சீட்டு ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல இருந்தது.

பேருந்தின் அறிவிப்பு மைக்கை நீளமாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"எனக்குப் பேச வராது. ஸ்டாப் பேரு சொல்லித்தான் பழக்கம். காலைல ஏழு மணிக்கு முன்னாடி எங்கிட்ட யாரும் பேசக் கூடாது, அத மொதல்லயே சொல்லிடறேன். என் கோவம் உங்களுக்குத் தெரியும். நீங்க டம்ளர எங்க வெச்சாலும், செருப்ப எங்க விட்டாலும், நான் பாத்துட்டு சும்மா இருப்பேன். சும்மா இருக்கறதோட அருமை எனக்குத் தெரியும்."

கூட்டம் சிரித்தது. நாலைந்து தலைகள் மாஸ்டர் பக்கம் திரும்பின. மாஸ்டர் தன் செருப்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மெஷின்காரர் மைக்கை வாங்கினார். "உங்க சட்டப் பையில இருக்கற சில்லற, ஊக்கு, துண்டுச்சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் மெஷின்ல போடுவேன். முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் மட்டும் செய்யாம இருந்தேன். இனிமே செய்வேன்." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மாஸ்டருக்கும் ஒரு நன்றி சொல்லணும். எங்கள ஜோடி சேத்தவரே அவர்தான்" என்றார்.

அறுபது பேரும் கை தட்டினார்கள். அந்த ஆள் மனசாரச் சொல்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கிண்டல் பண்ணியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கிக்கொண்டிருப்பார்.

மாஸ்டர் கருவிப்பெட்டிமேல் ஏறி நின்றார். மேளம் கிளம்பியது. வயலின்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தால்தான் திறப்பார். இரண்டு வட்டங்கள் எதிரெதிராகச் சுற்றத் தொடங்கின. டிரைவர்கள், மெக்கானிக்குகள், நர்ஸ், மெஷின்காரரின் வாடிக்கையாளர்கள், எல்லோரும் நன்றாகவே ஆடினார்கள். மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. மெஷின்காரரின் கால்களை மட்டுமே பார்த்தார். முதல் கட்டம் முடிந்தது, தப்பு இல்லை. இரண்டாவது கட்டத்தில் கைகள் தூக்கி இறக்கப்பட்டன, வலை பின்னிக்கொண்டது, அப்போதும் தப்பு இல்லை. உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இப்போது பிசகும், இதோ பிசகும் என்று மாஸ்டர் காத்திருந்தார். காத்திருந்த கவனத்தில் தன் வாய் என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் "உள்வட்டம் இடம்" என்று சொல்ல வேண்டியவர், "உள்வட்டம் வலம்" என்று கூவினார்.

பாதிப் பேர் சொன்னபடி திரும்பினார்கள். மீதிப் பேர் கற்றுக்கொண்டபடி திரும்பினார்கள். வலை ஒரு கணம் விறைத்து நின்றது, பிறகு அப்படியே உள்ளே சரிந்தது. மணப்பெண்ணோடு ஒன்பது வருஷமாக ஒரே வண்டியில் வேலை பார்க்கும் கண்டக்டர், ஆள் கனமானவர், இரண்டு மெக்கானிக்குகளை இழுத்துக்கொண்டு மூட்டை விழுவதுபோல விழுந்தார். "அய்யோ கணுக்கால்" என்றார். மணப்பெண் மஞ்சள் கோட்டின்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயலின் மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குவியலுக்கு நடுவில் மெஷின்காரர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார், சரியான இடத்தில், சரியான திசை பார்த்து.

"மாஸ்டர்," என்றார், குரலில் துளி கோபம் இல்லாமல். "நீங்க தப்பா சொல்லிட்டீங்க. இது அலசற கட்டம். நீங்க பிழிய விட்டுட்டீங்க."

மாஸ்டர் ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். அவரிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மைக் கையில் இருந்தது. அது வெறும் மூச்சை மட்டும் ஷெட் முழுக்க ஒலிபரப்பியது.

கண்டக்டரைப் பெஞ்சில் தூக்கி வைத்தார்கள். நர்ஸ் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும் என்று தன் காரிலேயே கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எனக்காக ஆட்டத்த நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வட்டத்தில் இரண்டு இடம் காலி. ஓர் இடத்தில் மகள் போய் நின்றுகொண்டாள். மற்ற இடத்தைக் காட்டி, "எறங்குங்கப்பா" என்றாள்.

"அப்ப யாரு கூவறது?"

"மெஷின்காரர் உள்ள இருந்தே கூவுவாரு."

மாஸ்டர் இறங்கினார். காலி இடம் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில். அவள் கையை நீட்டினாள். நாலு வருஷம் கழித்துத் தொடுகிறார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அதே உள்ளங்கை. அவருக்கு வியர்த்தது.

"ஊறவை," என்று கூவினார் மெஷின்காரர். அறுபது பேரும் நின்ற இடத்தில் அசைந்தார்கள். "சுத்து" என்றதும் சுற்றினார்கள். இடம் வலம் என்று தடுமாறிய ஜனங்களுக்கு இது நன்றாகவே புரிந்தது. வீட்டில் மெஷின் இல்லாத ஆள் யார்? மாஸ்டர்தான் தடுமாறினார். மற்றவர்களை ஆட்டிவைத்தே பழகியவர் தானே ஆடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது சுற்றில் அவள் காலை மிதித்துவிட்டார்.

"கீழ பாக்காதே," என்றாள் அவள். "முன்னால பாரு. கால் அதுவா வரும்."

முன்னால் பார்த்தார். வியர்த்த முகங்கள், ஊதாக் கோட்டு, இரும்புக் கூரை எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. "பிழி" என்றதும் மொத்த வலையும் இறுகி ஒரே வீச்சாகச் சுழன்றது. அவர் கால் தரையில் சரியாகப் பட்டதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பதிவாளர் அம்மா மேசைமேல் கைக்குட்டையை வைத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பதிவாளர் கேட்டார்: "ரெண்டாவது சாட்சி எங்க?"

இரண்டாவது சாட்சி கண்டக்டர். அவர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேற யாராவது போடுங்க. அடையாள அட்டை வேணும்."

அட்டைகள் எல்லாம் பைகளில். பைகள் எல்லாம் பேருந்தில். ஆடும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று மகள்தான் எல்லோரையும் பேருந்திலேயே வைக்கச் சொல்லியிருந்தாள். பேருந்தோ பன்னிரண்டு மணி டிரிப்புக்கு வேறு டிரைவரோடு கிளம்பிப் போய்விட்டது. முதல் சாட்சி மகளே. அவள் பை மட்டும் அவள் தோளில். அறுபது பேரில் பர்ஸோடு நின்ற இன்னொரு ஆள் சைக்கிளில் வந்தவர்தான்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"அதுக்கென்ன," என்றார் மாஸ்டர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. பேனாவை வாங்கிப் பெயர், விலாசம், தொழில் எல்லாம் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"மணமகளுக்கு என்ன உறவு, அத எழுதுங்க," என்றார் பதிவாளர்.

"வெறுமனே விட்டுட்டா?"

"மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க."

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "சகலைன்னு போடலாமா? எனக்கும் உங்களுக்கும் அதான மொற?"

"சகலைன்னா பொண்டாட்டியோட அக்கா தங்கச்சியக் கட்டினவருங்க. ஒரே பொண்ண ரெண்டு பேரு கட்டினா அதுக்குப் பேரே இல்ல," என்றார் பதிவாளர். தும்மல் வந்தது.

"அண்ணன்னு போட்டுடேன். வம்பே இல்ல," என்றாள் மணப்பெண்.

"அப்ப எனக்கு மாமாவா?" என்றாள் மகள்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'மணமகளின் மகளுடைய தந்தை' என்று எழுதினார். பதிவாளர் அதை விரல் வைத்து ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். மாஸ்டரைப் பார்த்தார், மணப்பெண்ணைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். மணி பன்னிரண்டே முக்கால்.

பேருந்து திரும்பி வந்ததும் எல்லோரும் தங்கள் பைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கண்டக்டரின் பை மட்டும் கடைசி இருக்கையில் கிடந்தது. மாஸ்டர் அதைச் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளினிக்குக்கு மிதித்தார்.

கண்டக்டர் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எலும்பு முறியவில்லை, பிசகுதான், மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்றார்கள்.

"ஆட்டம் முடிஞ்சுதா மாஸ்டர்?"

"முடிஞ்சுது. நல்லா வந்துச்சு."

"நானாப் பாத்துக் கெடுத்துட்டேன். நூறு தடவ சொல்லிக் குடுத்தீங்க. காலத் தப்பா வெச்சுட்டேன், இல்ல?"

மாஸ்டர் பையை அவர் பக்கத்தில் வைத்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நீங்க சரியாத்தான் வெச்சீங்க. நான்தான் தப்பா சொன்னேன்."

கண்டக்டர் பைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு தாளை எடுத்தார். "அப்படின்னா லீவு லெட்டர்ல காரணம்னு உங்க பேரப் போட்டுக்கவா? நானே ஆட்டம் ஆடி விழுந்தேன்னு எழுதினா மேனேஜர் லீவு தர மாட்டாரு."

"போட்டுக்கங்க," என்று மாஸ்டர் தன் பேனாவை எடுத்து நீட்டினார்.